கிளட்ச் சாரும் பூட்டுப் போட்ட குழுவும்

கார் ஓட்டப் பழகுகிறவர்கள் எங்கேயும் தப்பி ஓட முடியாது. இடுப்பில் பெல்ட், இரண்டு கையும் ஸ்டியரிங்கில், கண் சாலையில். காது மட்டும் சும்மா இருக்கும். கிளட்ச் சார் இருபத்தாறு வருடமாக அந்தக் காதுகளை நம்பித்தான் பேசிக்கொண்டிருக்கிறார். ஒரு மணி நேரத்தில் நாற்பது தடவை ‘கிளட்ச், கிளட்ச்’ என்று கத்துவதால் பழக வந்தவர்கள் வைத்த பெயர் அது. சொந்தப் பெயர் பயிற்சிப் பள்ளியின் சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது. யாரும் நிமிர்ந்து பார்த்ததில்லை.

முன்பெல்லாம் அந்த ஒரு மணி நேரத்தில் எல்லாமே வரும். நல்ல முட்டைக்கோஸை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதில் ஆரம்பித்து, விமானம் ஓட்டுவது கார் ஓட்டுவதைவிடச் சுலபம் என்பது வரை. போன வருடம் ஒரு அழைப்பு வந்தது. அதற்குப் பிறகு பேச்சு ஒரே தடத்தில் போக ஆரம்பித்துவிட்டது.

முன்பின் தெரியாத ஒருவன் தேன் ஒழுகும் குரலில், “சார், வலது முழங்கால் இப்ப எப்படி இருக்கு?” என்று கேட்டான். முட்டிக்குப் போடுகிற பட்டை விற்கிறவனாம். கிளட்ச் சாருக்குத் தூக்கிவாரிப் போட்டது. முழங்காலில் அறுவை சிகிச்சை செய்துகொண்டது மருத்துவருக்குத் தெரியும், குடும்பத்துக்குத் தெரியும். குடும்பத்துக்குத் தெரிவித்தது, சேதி அனுப்பக் கைப்பேசியில் எல்லாரும் வைத்திருக்கும் அந்தப் பழைய செயலியில். ஆக, செயலிதான் தன் முழங்காலை விற்றுவிட்டது என்று அந்த இடத்திலேயே தீர்ப்பு எழுதிவிட்டார்.

அந்த வாரம் அவரிடம் பழகிக்கொண்டிருந்தவர்களில் கணினி வேலை பார்க்கும் பெண் ஒருத்தி இருந்தாள். அனுப்புகிறவரையும் வாங்குகிறவரையும் தவிர, நடத்துகிற கம்பெனிகூடப் படிக்க முடியாதபடி பூட்டி அனுப்பும் செயலிகள் இருக்கின்றன என்று ஒரு சிக்னலில் நின்றபோது சொன்னாள். அடுத்த மூன்று சிக்னலிலும் அதையே திரும்பச் சொல்லச் சொன்னார். வகுப்பு முடிந்ததும் அவள்தான் அதில் ஒன்றை அவர் கைப்பேசியில் இறக்கிக் கொடுத்தாள்.

அன்றிலிருந்து பிரச்சாரம்தான். ரிவர்ஸ் எடுக்கப் பழகும்போது, “பின்னாடி யாரு பாக்கறாங்கன்னு கண்ணாடியில பாக்கறீங்கல்ல, ஃபோன்ல பாக்கறீங்களா?” என்பார். பாவம், வண்டியைச் சுவரில் இடிக்காமல் நிறுத்தினால் போதும் என்று வியர்த்துக்கொண்டிருப்பவர்கள் எதற்கும் சரி என்பார்கள். ஒரே மாதத்தில் பதினேழு பேர் மாறினார்கள். அதில் ஐந்து பேர் உரிமம் வாங்கிய மறுநாளே செயலியை அழித்துவிட்டார்கள் என்பது வேறு விஷயம்.

ஆனால் அவருக்கு வேண்டியது அந்தப் பதினேழு பேர் இல்லை. ஒரே ஒருத்திதான், அவர் மகள். வீட்டில் அவளைப் பாப்பா என்பார்கள். இருபத்தைந்து வயது. வேறு ஊரில், கட்டட வரைபடம் போடும் ஓர் அலுவலகத்தில் வேலை. முன்பெல்லாம் சாயங்காலம் பேருந்தை விட்டு இறங்கி அறைக்கு நடக்கும் அந்த இருபது நிமிடமும் அப்பாவோடுதான் பேசிக்கொண்டு போவாள். மேலாளர் போடும் சட்டை, பக்கத்து அறைப் பெண்ணின் குறட்டை, அவள் தீய்த்த தோசைக்கல் என்று எல்லாம் அவர் காதுக்கு வந்துவிடும். ஏழு மாதமாக அது நின்றுபோயிற்று. ‘சாப்டேன்’, ‘சரி’, ‘பிஸி’ என்று எழுத்தில்தான் வரும். சில நாள் கட்டைவிரல் மட்டும் வரும். மனைவியிடம் காரணம் கேட்டதற்கு, “அவகிட்டயே கேளுங்க” என்றாள். அவளிடம் கேட்க அவருக்குப் பயமாக இருந்தது.

அதனால் காரணத்தைத் தானே கண்டுபிடித்துக்கொண்டார். விவரம் தெரிந்த பெண், பழைய செயலியில் பாதுகாப்பு இல்லை என்று அவளுக்குத் தெரிந்திருக்கும், அதனால்தான் மனம் விட்டுப் பேச மாட்டேன் என்கிறாள். குடும்பத்தையே பாதுகாப்பான இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டால் அவளும் வந்துவிடுவாள். இப்படி நினைத்த மாத்திரத்தில் மனதிலிருந்த பாரம் பாதி இறங்கிவிட்டது அவருக்கு.

முதலில் மனைவி. கண் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் உட்கார்ந்து நாள் முழுக்க அடுத்தவர்களுக்குப் பதில் சொல்லிவிட்டு வருகிறவள். “ஒரு ஆப்ல வர்றதுக்கே பதில் போட முடியல. இன்னொண்ணு எதுக்கு?” என்று குளிக்கப் போய்விட்டாள். திரும்பி வருவதற்குள் அவள் கைப்பேசியில் இவரே போட்டுவிட்டார். அவள் பார்த்தாள், பெருமூச்சு விட்டாள், அழிக்கவில்லை. அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

அடுத்து மச்சினன். குளிர்சாதனப் பெட்டி பழுது பார்ப்பவன். “எங்கிட்ட ஒளிக்கறதுக்கு என்ன இருக்கு மாமா?” என்றான். இந்தக் கேள்விக்கு என்ன செய்ய வேண்டும் என்று அந்தக் கணினிப் பெண் சொல்லிக்கொடுத்திருந்தாள். “அப்ப உன் ஃபோனைத் திறந்து குடு, ஒரு மணி நேரம் பாக்கறேன்” என்றார். இதைக் கேட்டு யாராக இருந்தாலும் தயங்குவார்களாம். மச்சினன் தயங்கவே இல்லை. திறந்து கையில் கொடுத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்துவிட்டான். உள்ளே முந்நூறு குளிர்சாதனப் பெட்டிகளின் முதுகுகள். தன் முதுகிலிருந்த ஒரு மருவைப் பதினொரு கோணத்தில் எடுத்த படங்கள். தொப்பி போட்டுப் போட்டுப் பார்த்த படங்கள். இருபது நிமிடத்தில் கிளட்ச் சார்தான் தாங்க முடியாமல் திருப்பிக் கொடுத்தார். கடைசியில் அவன் மாறியது வேறொரு காரணத்துக்காக. கடைசியாக எத்தனை மணிக்கு வந்துபோனோம் என்பதைப் புதுச் செயலியில் யாரும் பார்க்க முடியாது என்று கேள்விப்பட்டான். வாடிக்கையாளர்களிடம் தூங்கிவிட்டேன் என்று சொல்ல அதைவிட வசதி எது?

பெரிய மலை அக்காதான். ஐந்தாறு வீடு தள்ளி இருக்கிறாள். தொலைபேசி நிலையத்தில் முப்பது வருடம் இணைப்புக் கொடுத்து ஓய்வு பெற்றவள். “அந்தக் காலத்துல ஊர்ப் பேச்சு பூரா எங்க காது வழியாத்தான்டா போச்சு. அதனால யாரு செத்தா?” என்று கேட்டாள்.  பேச்சை மாற்றுகிற அவசரத்தில் தம்பி, புதுச் செயலியில் குரல் பதிவு எவ்வளவு நீளமாக வேண்டுமானாலும் அனுப்பலாம் என்று வாய்தவறிச் சொல்லிவிட்டார். அக்கா அன்றைக்கே மாறிவிட்டாள். முதல் பதிவு ஏழு நிமிடம். அவள் வீட்டுக் குழாய் ஒழுகுவதைப் பற்றி.

இப்படியே கெஞ்சியும் மிரட்டியும் பதினொரு பேரைச் சேர்த்துவிட்டார். ‘வீடு’ என்று ஒரு குழு. குழுவில் எழுதியதும் தனியாக எழுதியதும் ஏழு நாளில் தானாக அழிந்துவிடும். படித்தார்களா இல்லையா என்று காட்டும் குறியையும் அணைத்துவிட்டார், அதுவும் ஒரு வேவுதானாம். செயலியைத் திறக்க ஒவ்வொருவர் கைப்பேசியிலும் நான்கு இலக்கப் பூட்டு. யாராவது மறந்துபோனால் என்ன செய்வது என்று எல்லாருக்கும் ஒரே எண், பயிற்சிக் காரின் எண். இதைக் கேட்டதும் அந்தக் கணினிப் பெண் சிரிப்பில் வண்டியை நடைபாதையில் ஏற்றிவிட்டாள். “சார், ஊருக்கே ஒரு சாவியா?” என்றாள். ஊர் இல்லை, குடும்பம் என்று திருத்தினார் கிளட்ச் சார்.

குழு தொடங்கிய இரண்டாம் வாரம், தன் முழங்காலைப் பழைய செயலி எப்படி விற்றது என்று பெருமையும் கோபமுமாக ஒரு நீண்ட செய்தி போட்டார். உடனே அக்காவிடமிருந்து ஒரு குரல் பதிவு வந்தது, வழக்கத்துக்கு மாறாகச் சின்னது. அட, அந்தப் பட்டைக்காரப் பையனா, வீட்டு வாசலுக்கு வந்தான், பார்க்க நல்லவனாக இருந்தான், என் தம்பிக்குக்கூட முட்டியில் அறுவை சிகிச்சை என்று நான்தான் உன் நம்பரைக் கொடுத்தேன் என்றாள்.

கிளட்ச் சாருக்கு வந்த கோபம் கொஞ்ச நஞ்சமில்லை. என் முழங்காலைக் கண்டவனிடம் சொல்ல இவள் யார் என்று வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். இரண்டு நாள் அக்காவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் அவள் ஒரு டப்பா நிறையப் பலகாரத்தோடு வந்து நின்றதும் எல்லாம் சரியாகிவிட்டது. ஆனால் செயலியின் மேல் போட்ட குற்றச்சாட்டை மட்டும் அவர் வாபஸ் வாங்கவே இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பாப்பா புதுச் செயலிக்கு வந்தாள். குழுவில் சேர்க்க வேண்டாம், உங்களோடு மட்டும் பேசத்தான் வந்தேன் என்று எழுதியிருந்தாள். மூன்று நாள் கழித்து, காலை வகுப்புக்காக ஒருவர் வீட்டு வாசலில் காத்திருக்கும்போது நீளமாக ஒரு செய்தி வந்தது. வேலையை விட்டுவிடலாமா என்று யோசிக்கிறாளாம். வரைந்தது எல்லாம் வேறு ஒருவர் பெயரில் போகிறதாம். காலையில் எழுந்தால் அலுவலகம் போகவே கால் வரவில்லையாம். கடைசி வரி இது: ‘இன்னும் எதுவும் முடிவு பண்ணல அப்பா. உங்ககிட்ட மட்டும் சொல்லணும்னு தோணுச்சு.’

நான்கு தடவை படித்தார். ஏழு மாதத்துக்குப் பிறகு வந்த முதல் நீளமான செய்தி. கண் கலங்கிவிட்டது. திட்டம் பலித்துவிட்டது, மகள் திரும்பி வந்துவிட்டாள். இந்தச் சந்தோஷத்தைத் தனியாக வைத்துக்கொண்டு என்ன செய்வது? அப்படியே நகல் எடுத்து ‘வீடு’ குழுவில் போட்டார். மேலே, ‘பாப்பா மனசு திறந்துட்டா. எல்லாரும் அவளுக்குத் தைரியம் சொல்லுங்க. வெளியே யாருக்கும் தெரிய வேண்டாம்’ என்று எழுதினார். அவருக்கு அதில் ஒரு தப்பும் தெரியவில்லை. பூட்டுப் போட்ட செயலி, ஏழு நாளில் அழிகிற செய்தி, இருப்பது எல்லாம் சொந்த ரத்தம். பழைய செயலியில் போட்டால்தானே தப்பு?

நாற்பது நிமிடத்தில் எல்லாரும் நேரே பாப்பாவுக்கே தைரியம் சொல்லி முடித்திருந்தார்கள். அக்கா ஆறு நிமிடக் குரல் பதிவு அனுப்பினாள். அதில் மூன்று நிமிடம் தான் வேலையை விடாமல் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்த கதை. மச்சினன் தனக்குத் தெரிந்த குளிர்சாதனப் பெட்டிக் கடையில் ஆள் எடுப்பதாகச் சொன்னான். ஒரு சித்தப்பா, இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுமையே கிடையாது என்று பொதுவாக எழுதி அவளுக்குத் தனியாக அனுப்பினார்.

பாப்பா அழைத்தபோது கிளட்ச் சாரின் மாணவர் இரண்டு கார்களுக்கு நடுவில் வண்டியைச் செருகிக்கொண்டிருந்தார். பாதி செருகியபடியே நிறுத்தச் சொல்லிவிட்டு இறங்கிப் போய் எடுத்தார். அவள் கத்துவாள் என்று நினைத்தார். கத்தவில்லை. அதுதான் அவரை இன்னும் பயமுறுத்தியது.

“ஏழு மாசத்துக்கு முன்னாடி, ஆபீஸ் பாத்ரூம்ல அழுதேன்னு உங்ககிட்ட சொன்னேன். ஞாபகம் இருக்கா? அன்னைக்கே ஒம்பது பேர் எனக்கு ஃபோன் பண்ணி ஏன் அழுதேன்னு கேட்டாங்க.”

“அது பழைய ஆப்ல போட்டது கண்ணு. இதுல யாரும் படிக்க முடியாது, பூட்டு...”

“ஆப்ல ஓட்டையே இல்லப்பா. ஓட்டை நீங்கதான்.”

 பின்னாலிருந்து யாரோ ஹாரன் அடித்தார்கள்.

“உங்க முட்டியைப் பத்தி வெளிய சொன்னதுக்கு அத்தைகிட்ட ரெண்டு நாள் பேசாம இருந்தீங்களாமே, அம்மா சொன்னாங்க” என்றாள். “நான் ஏழு மாசமா அதைத்தான் பண்ணிட்டு இருக்கேன்.”

வைத்துவிட்டாள். அன்று பாக்கியிருந்த வகுப்பு முழுவதும் அவர் ஒரு தடவைகூடக் கிளட்ச் என்று சொல்லவில்லை. மாணவர் பயந்துபோய், தான் அவ்வளவு மோசமாக ஓட்டுகிறேனா என்று கேட்டார்.

பிறகு எத்தனை தடவை கூப்பிட்டும் அவள் எடுக்கவில்லை. அம்மாவோடு மட்டும் பேசினாள். கிளட்ச் சார் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து ஒரு மன்னிப்பை எழுதினார். இரண்டு மணி நேரம் ஆயிற்று, கைப்பேசித் திரையில் நான்கு பக்கம் வந்தது. நல்ல எண்ணத்தில்தான் செய்தேன், அக்கா ஒருத்தி சும்மா இருந்திருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது என்றெல்லாம் விளக்கி அனுப்பினார். அவள் படித்தாளா என்று தெரிந்துகொள்ள வழியில்லை. அந்தக் குறியை அணைத்தவர் அவர்தான். ஏழாம் நாள் அந்த நான்கு பக்கமும் திரையிலிருந்து மறைந்துவிட்டன. அந்த ஏற்பாடும் அவருடையதுதான்.

என்ன எழுதினோம் என்று யோசித்து மறுபடி எழுதினார். இந்தத் தடவை இரண்டு பக்கம். அதுவும் ஏழு நாளில் மறைந்தது. மூன்றாம் வாரம் ஒரு பத்தி. அந்தப் பத்திக்கும் பதில் இல்லை. இதற்கு நடுவில் குழுவில் இருந்த எல்லாரையும் தனித்தனியாக அழைத்து, பாப்பாவிடம் யாரும் எதுவும் கேட்க வேண்டாம், அதை அங்கே போட்டது என் தப்பு என்று சொன்னார். அக்கா மட்டும் உடனே விடவில்லை. “குடும்பத்துக்குள்ள என்னடா ரகசியம்?” என்றாள். ஒரு மாதத்துக்கு முன்னால் என்றால் அவரும் அதையேதான் கேட்டிருப்பார்.

நான்காம் வாரம் எழுத உட்கார்ந்தபோது சொல்வதற்கு அதிகம் மிச்சமில்லை. ‘நீ எங்கிட்ட சொன்னதை நான் வெளிய சொன்னேன். அது என் தப்பு பாப்பா’ என்று மட்டும் அனுப்பினார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம், கையில் காய்கறிப் பையோடு மூன்றாவது மாடிக்கு ஏறிக்கொண்டிருந்தபோது அழைப்பு வந்தது. பையைப் படியில் வைத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்தார்.

“நாலையும் படிச்சேன்” என்றாள் பாப்பா. “மொத ரெண்டுல அத்தை இருந்தாங்க. மூணாவதுல ஆப் இருந்துச்சு. நாலாவதுலதான் நீங்க இருந்தீங்க.”

“ஆமா கண்ணு” என்றார். வேறு எதுவும் சேர்க்கவில்லை.

 பிறகு அவள் சொல்ல ஆரம்பித்தாள். இருபது நிமிடத்துக்கு மேல் சொன்னாள். வேலையைப் பற்றியது பாதிதான், மீதி வேறு ஒரு விஷயம். அந்த வேறு விஷயம் என்னவென்று இங்கே எழுத முடியாது. இதை எழுதுவதற்காக இரண்டு தடவை கேட்டாயிற்று, அவர் சொல்லவில்லை.

கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தபோது அக்காவும் மச்சினனும் சாப்பிட வந்து உட்கார்ந்திருந்தார்கள். மாடிப்படியில் பேசியது கூடத்துக்குக் கேட்கும். வார்த்தை கேட்காது, நீளம் கேட்கும். பாப்பாதானே, என்ன சொன்னாள் என்று அக்கா முதல் கேள்வியைப் போட்டாள். நன்றாக இருக்கிறாள் என்றார். இருபது நிமிடமும் அதையே சொன்னாளா என்று கேட்டாள். அவர் தட்டை எடுத்து வைத்துச் சோற்றைப் போட்டுக்கொண்டார். வேலையை விட்டுவிட்டாளா என்றான் மச்சினன். கூட்டு நன்றாக இருக்கிறது என்றார். மனைவி பரிமாறிய கரண்டியைப் பிடித்தபடியே நின்று அவரைப் பார்த்தாள். கல்யாணமான இருபத்தெட்டு வருடத்தில் இந்த மனிதர் ஒரு சேதியை வாய்க்குள் வைத்துக்கொண்டு சோறு தின்பதை அவள் பார்த்ததில்லை.

அக்காவுக்கு முகம் தொங்கிவிட்டது. “நான் என்ன அந்நியமாடா?” என்றாள். அவளுக்கு நிஜமாகவே வலித்தது, அது அவருக்கும் தெரிந்தது. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

“அது அவ விஷயம் அக்கா. அவளே சொன்னா கேட்டுக்கோ” என்றார்.

அக்கா விடுகிற ஆளா? அங்கேயே கைப்பேசியை எடுத்தாள், பயிற்சிக் காரின் எண்ணைத் தட்டித் திறந்தாள், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி ஒலிபெருக்கியில் போட்டு மருமகளை அழைத்தாள்.

“ஏண்டி பாப்பா, உங்கப்பனுக்கு என்ன சொல்லிக் குடுத்த? அரை மணி நேரமா கேக்கறோம், ஒரு வார்த்தை வெளிய வர மாட்டேங்குது. கூட்டு நல்லா இருக்காம். கேட்டதுக்கு இதான் பதிலு.”

 இணைப்பு போய்விட்டதோ என்று அக்கா திரையைப் பார்த்தாள். போகவில்லை.

“அத்தை, ஃபோனை அப்பாகிட்ட குடுங்க” என்றாள் பாப்பா. 

கிளட்ச் சார் எச்சில் கையைத் துடைத்துவிட்டு வாங்கிக்கொண்டார்.

“அப்பா, நாளைக்கு பஸ்ஸை விட்டு இறங்கி நடந்து போறப்ப கூப்பிடட்டுமா?”

“கூப்பிடு” என்றார்.